மோப்பக்காவின் சிவப்பு உறை

உயிரோடு இருப்பவற்றுக்குப் பெயர் வைக்கிறவர்கள் ஊரெல்லாம் உண்டு. செத்து, காய்ந்து, சருகாகி, காகித உறைக்குள் போன பிறகு பெயர் வைப்பது என்று ஒரு தொழிலும் இருக்கிறது. மோப்பக்கா அதைச் செய்துதான் சாப்பிட்டாள். காளானோ பூசணமோ, எது வந்தாலும் அது எந்தப் பேரினம், எந்தச் சிற்றினம் என்று வகை பிரிப்பாள். இதற்கு முன் யாரும் பார்க்காததாக இருந்தால் விவரித்துப் பெயர் சூட்டுவாள். பேரினம் என்பது குடும்பப் பெயர் மாதிரி, சிற்றினம் ஆளைக் கூப்பிடும் பெயர் மாதிரி. இரண்டையும் லத்தீனில் வைக்க வேண்டும் என்பது விதி. அந்த மொழியில் இப்போது யாரும் சண்டை போடுவதில்லை என்பது காரணமாக இருக்கலாம்.

மோப்பக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, வேலை செய்த இடத்தில் வைத்தது. புதிதாகப் பறித்த காளானின் உருவம் ஒரு நாளில் சுருங்கிவிடும், நிறம் அதற்கு முன்பே ஏமாற்றிவிடும், மணம் எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடிவிடும். ஆகவே விவரிக்கிறவர் முதலில் மூக்கை நீட்டியாக வேண்டும். 'ஈரச் சாக்கு', 'பழைய மாவு', 'மூடிய பெட்டிக்குள் செத்த எலி' என்றெல்லாம் அச்சில் எழுதியாக வேண்டும். அவள் எழுதினாள். வருஷக்கணக்கில் இதையே செய்த மூக்கு நாளடைவில் எஜமானி பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டது. காய்கறிக்காரர், கோப்பு, பக்கத்து வீட்டுக் குழந்தை, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர், எது எதிரில் வந்தாலும் ஒரு தடவை மெல்ல இழுத்துப் பார்க்கும். அவள் அறைக்குள் நுழைகிறவர்கள் வாசலிலேயே நின்று மனச்சாட்சியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துக்கொள்வார்கள்.

கல்யாணமும் மூக்கு வழியாகத்தான் வந்தது. நின்றுபோன அலுவலக வேனைச் சரி பண்ண, பஸ் பணிமனையிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். வேனுக்கு அடியிலிருந்து அவர் ஊர்ந்து வெளியே வந்தபோது எதிரில் இவள் நின்றிருந்தாள்.

“என்னங்க, நாய்க்குட்டி மாதிரி மோந்து பாக்கறீங்க?”

“டீசல், சோப்பு... அப்புறம் வறுத்த கடலை.”

“கடலை பாக்கெட்ல இருக்கு. வேணுமா?”

அவ்வளவுதான் பேச்சு. மீதியை இரண்டு வீட்டாரும் பேசி முடித்தார்கள்.

மெக்கானிக் நல்ல மனுஷன். மனைவி வீட்டில் காளான் தலையைக் காகிதத்தில் கவிழ்த்து, மேலே டம்ளரால் மூடி வைப்பாள். மறுநாள் எடுத்தால் வித்துத்தூள் காகிதத்தில் கோலம் போட்ட மாதிரி விழுந்திருக்கும், அதன் நிறம் பார்க்க வேண்டும். அந்த வீட்டில் தண்ணீர் குடிக்க டம்ளர் கிடைக்காது. மெக்கானிக் சொம்பில் குடிக்கப் பழகிக்கொண்டார். ஒரு நாள் வேலை விட்டு வந்தவர், சாப்பாட்டு டப்பாவை, மூடியைப் பொத்தியபடி நீட்டினார்.

“பொண்டாட்டிக்குப் பூ வாங்கிட்டுப் போடான்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்குக் கிடைச்சது இதுதான்.”

பஸ்களை மேலே நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி வேலை பார்ப்பார்களே, அந்தக் குழியின் அடியில், எண்ணெய் ஊறி மக்கிய பலகையில் முளைத்திருந்ததாம். சாம்பல் நிறம். காது மாதிரி வடிவம். அடிப்பக்கம் பொடிப்பொடியாகப் பற்கள். மோப்பக்கா மோந்தாள், வெட்டினாள், நுண்ணோக்கியில் வைத்தாள், புத்தகம் புத்தகமாகப் புரட்டினாள். இருக்கிற எந்தப் பேரினத்துக்குள்ளும் அது கால் மடக்கி உட்கார மறுத்தது. கடைசியில் அதற்கென்றே ஒரு புதுப் பேரினம் உண்டாக்கி, சிற்றினத்துக்குக் கணவரின் பெயரை லத்தீன் வால் ஒட்டி வைத்தாள். கண்டெடுத்தவர் பெயரை வைப்பது அந்தத் தொழிலில் மரியாதை. தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வதுதான் அசிங்கம். அவள் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநருக்குக்கூட அது தெரியும். ஆகவே அவர் தன் பெயரை வைக்கச் சொல்லி மற்றவர்களிடம் குறிப்பால் உணர்த்துவார்.

இங்கே சிவப்பு உறையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஒரு புதுப் பெயரை அச்சில் வெளியிடும்போது, எந்தக் காய்ந்த துண்டைப் பார்த்து அந்தப் பெயர் வைக்கப்பட்டதோ அந்த ஒன்றைச் சிவப்பு உறையில் போட்டுப் பீரோவில் வைப்பார்கள். அதுதான் மூலம். அதே காளான் உலகத்தில் லட்சம் முளைக்கலாம், அவை எல்லாம் வெள்ளை உறை. இது அதுதானா என்று நாளைக்கு வழக்கு வந்தால் சாட்சிக் கூண்டில் ஏறுவது சிவப்பு உறை மட்டும். வீட்டுக்கு மூலப்பத்திரம் எப்படியோ, பெயருக்கு அந்த உறை.

பணிமனைக் குழியைப் பிறகு காங்கிரீட் போட்டு மூடிவிட்டார்கள். அந்தச் சாம்பல் காது வேறெங்கும் யாருக்கும் கிடைக்கவில்லை. மெக்கானிக்கும் நெஞ்சு நோவு வந்து போய்ச் சேர்ந்தார். ஆகவே அந்தப் பேரினத்துக்கு உலகத்தில் மிச்சம் ஒரே ஒரு சிவப்பு உறை. அவர் கையால் பிடுங்கியது என்று மோப்பக்காவுக்கு மிச்சமும் அதுவே.

ஒரு முள் மட்டும் உண்டு. வெளிநாட்டு நிபுணர் ஒருவர் அப்போதே எழுதியிருந்தார், மிக மரியாதையாக: இருட்டிலும் எண்ணெய்ப் புகையிலும் வளர்ந்து உருக்கெட்டுப்போன சாதாரணக் காளானாகவும் இது இருக்கலாம் அல்லவா? இருக்கலாம். இருட்டில் வளரும் காளான்கள் அப்படிக் கோணிக்கொண்டு நிற்பதுண்டு. பதில் எழுத அவளிடம் இன்னொரு காது இல்லை.

பூசணம் வந்தது மழை விட்ட பிறகு.

காய்ந்த காளான்களின் கிடங்கு நிலையத்தின் மூன்றாம் மாடியில். வரிசையாக இரும்புப் பீரோக்கள், ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தின் ஓயாத முனகல், மங்கிய கண்ணாடி வழியாக எந்த மாதத்திலும் ஒரே மாதிரி விழுகிற பகல் வெளிச்சம். ஒரு நாள் காலை யாரோ பார்க்கக் கேட்டார்கள் என்று மோப்பக்கா ஒரு சிவப்பு உறையைப் பிரித்தாள். மடிப்பு மடிப்பாகவே இருந்தது. உள்ளே காளான் இல்லை. எலி நிறத்தில் ஒரு பிடி பஞ்சு மட்டும். சிந்தல் இல்லை, தூள் இல்லை. நல்ல வளர்ப்பில் வந்த யாரோ வாயை மூடிக்கொண்டு மென்று, தட்டைத் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

வழக்கப்படி முதலில் மோந்து பார்த்தாள். ஒன்றுமே இல்லை. நாற்றமோ மணமோ எதுவும் இல்லை, காகித வாசனைகூட இல்லை. அவள் மூக்கு முதல் முறையாக வெறுங்கையோடு திரும்பியது. அது மட்டும் இல்லை. உறைக்குள்ளிருந்து யாரோ தன்னை மெல்ல இழுத்து மோந்து பார்த்த மாதிரி இருந்தது. சட்டென்று உறையை மூடி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

பக்கத்தில் உரசிக்கொண்டிருந்த வெள்ளை உறைகளைத் திறந்தாள். அதே சிற்றினம்தான், அதே பீரோதான், அதே காய்ந்த தின்பண்டம்தான். ஒன்றையும் தொடவில்லை. அடுத்த நாள் இன்னொரு சிவப்பு உறை போயிற்று. அதற்கடுத்த நாள் இன்னொன்று. உறைக்கும் உறைக்கும் நடுவே தடம் இல்லை, ஒரு இழைகூடப் பீரோ தட்டில் ஓடவில்லை.

உறை மடிப்பதற்கென்றே இருந்த ஊழியரை எல்லோரும் பொட்டலத்தார் என்பார்கள். பொட்டலத்தார் எட்டிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனார்.

“கரப்பான்னா கண்டதையும் தின்னும்கா. இது என்ன, அந்தஸ்து பாத்துத் தின்னுது?”

“சும்மா இருங்க பொட்டலத்தாரே. நீங்க ஒட்டுற பசையில ஏதாவது இருக்கும்.”

“என் பசையில கோளாறு சொல்லாதீங்க. இத்தனை வருஷமா அதே பசை. அதுக்குப் படிக்கத் தெரிஞ்சிருக்குன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன்.”

இயக்குநரிடம் விஷயம் போயிற்று. அவர் உடனே நடவடிக்கை எடுத்தார். அதாவது, குழு அமைத்தார். குழு கூடியது, தேநீர் குடித்தது, சிவப்புச் சாயத்தில்தான் பூசணத்துக்குப் பிடித்த ஏதோ இருக்கிறது என்று கண்டுபிடித்தது. ஆகவே மூலங்களை எல்லாம் வெள்ளை உறைக்கு மாற்றி, சிவப்பு உறைகளில் எதற்கும் உதவாத சில்லறைக் காளான்களைப் போட்டார்கள். ஒரே நாளில் பிரபுக்கள் குடிமக்கள் ஆனார்கள், குடிமக்கள் பட்டு உடுத்திக்கொண்டார்கள். மறுநாள் காலை திறந்து பார்த்தபோது பட்டு உடுத்தியவர்கள் சௌக்கியமாக இருந்தார்கள். வெள்ளை உறைக்குள் ஒளிந்திருந்த மூலம் ஒன்று பஞ்சாகக் கிடந்தது.

குழு மறுபடி கூடியது. மூலங்களைப் பழையபடி சிவப்பு உறைக்கு மாற்றி, உறைபனிப் பெட்டியில் வைத்தார்கள். பனிக்குள்ளேயே பஞ்சு பூத்தது. அதுவரை பஞ்சான பெயர்களை வரிசையாக வைத்துப் பார்த்த மோப்பக்காவுக்குத்தான் அடுத்தது புரிந்தது. அது அகரவரிசையில் போய்க்கொண்டிருந்தது. பேரினப் பெயர்களின் வரிசைப்படி, முதல் எழுத்திலிருந்து ஒழுங்காக, ஒன்றையும் முந்தாமல். பீரோக்களை இடம் மாற்றி, உறைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் போட்டார்கள். அது இந்த மூலைப் பீரோவிலிருந்து அந்த மூலைப் பீரோவுக்குத் தாவித் தாவி, வரிசை பிசகாமல் வந்தது. கலைத்ததை எல்லாம் பழையபடி அடுக்கி வைத்தார்கள். கடல் தாண்டி ஒரு நிலையத்துக்குக் கடனாக அனுப்பியிருந்த மூலத்தின் முறை வந்த அன்று, அங்கிருந்து தகவல் வந்தது: உங்கள் உறையில் பஞ்சு இருக்கிறது, எங்கள் உறைகள் எல்லாம் நலம், இதை எங்கே அனுப்புவது?

மற்றவர்கள் இதைக் கேட்டுப் பிரமித்தார்கள். மோப்பக்கா விரல் விட்டு, தன் பேரினத்துக்கு முன்னால் எத்தனை பெயர் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தாள். அதிகம் இல்லை.

இந்த இடத்தில்தான் விவகாரம் அறிவியலிலிருந்து மானப் பிரச்சனைக்கு மாறியது. வரிசையில் இயக்குநர் பெயர் வைத்த சிற்றினம் ஒன்றின் முறை வந்தது. அவர் பெயர் வைப்பதில் தாராளக் கை. மழைக்கு முன் பறித்த காளானுக்கு ஒரு பெயர், அதே காளானை மழைக்குப் பின் பறித்தால் இன்னொரு பெயர். விதிப்புத்தகம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டிருந்தது. பூசணம் ஒப்புக்கொள்ளவில்லை. இயக்குநரின் உறையைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விட்டது.

“தப்பிச்சுது மேடம்!” என்று இயக்குநர் முதலில் மகிழ்ந்தார்.

இரண்டாவதும் தப்பித்தது. அதே நாளில், எப்போதோ இறந்துபோன பெரிய நிபுணர் ஒருவரின் மூலத்தைப் பூசணம் துடைத்துத் தின்றிருந்தது. முறை வந்தவற்றில், அசல் என்று எல்லோருக்கும் சந்தேகமில்லாமல் தெரிந்த மூலங்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பதை யாரோ கவனித்தார்கள். கவனித்தவர் வாய் சும்மா இருக்கவில்லை. இயக்குநரின் மூன்றாவது உறையும் தப்பித்தபோது தாழ்வாரத்தில் இரண்டு பேர் இருமினார்கள்.

இயக்குநர் பொட்டலத்தாரைத் தனியாகக் கூப்பிட்டு, “நல்லாப் பாத்தீரா? ஓரத்துலயாவது கொஞ்சம் கடிச்சிருக்கா?” என்று கேட்டதாகச் சொல்கிறார்கள்.

“வாசனைகூடப் பாக்கல சார்” என்றாராம் பொட்டலத்தார்.

மற்றவர்களுக்கு இது சிரிப்பு. மோப்பக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் உறையைத் தின்றுவிட்டால் கணவரின் பெயர் அசல், பொருள் போயிற்று. தின்னாமல் தாண்டிப் போய்விட்டால் பொருள் மிஞ்சும், பெயர் இயக்குநரின் பெயர்களோடு போய் உட்காரும். இரண்டில் எதற்குப் பயப்படுவது என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டுக்கும் பயந்தாள்.

விதியை மீறி ஒரு சாயங்காலம் உறையைக் கைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வீட்டில் நாத்தனார் இருந்தாள், மெக்கானிக்கின் தங்கை. மோப்பக்கா தன் தொழில் முறையில் அவளை இப்படி விவரித்து வைத்திருந்தாள்: தலை சிறியது, உறுதியானது, நாக்கு நீண்டது, விளிம்பு கூர்மை, தனியாகவோ சண்டையாகவோ காணப்படும், நச்சுத்தன்மை இல்லை.

மேசையில் உறையைப் பிரித்துக் காட்டினாள். நாத்தனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள்.

“இதுக்கா அண்ணி எங்க அண்ணன் பேரு வச்சீங்க? யாரோ காதை அறுத்துக் காயப்போட்ட மாதிரி இருக்கு.”

“அதுதான். தொடாத, உடைஞ்சுடும்.”

“தொடல, தொடல. அவரு கை பட்டதா இது?”

“அவரு பிடுங்கினதுதான். பாரு, இந்த ஓரத்துல நகம் பட்ட அடையாளம் இருக்கு.”

நாத்தனார் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மோப்பக்கா பூசணத்தின் கதையைச் சொல்லி முடித்தாள். தின்றால் என்ன அர்த்தம், தின்னாவிட்டால் என்ன அர்த்தம் என்பதையும் சொன்னாள். நாத்தனார் பட்டென்று நிமிர்ந்தாள்.

“எதுக்குண்ணி உங்களுக்கு அந்தப் பூசணத்துக்கிட்ட சர்டிபிகேட்டு? அது யாரு, பெரிய நீதிபதியா?”

“அது இதுவரைக்கும் தப்பா எதையும் தின்னல.”

“தின்னாத்தான் அசலா? நல்லா இருக்கே நியாயம். அண்ணன் பேரு யாருக்குத் தெரியும், வாயில நுழையாத பாஷையில எங்கியோ கிடக்கு. கையில இருக்கறதப் பாருங்க.”

“கையில இருந்தும் பேரு பொய்யாயிட்டா?”

“ஆயிட்டாத்தான் என்ன? பொய்யின்னு யாரும் அடிச்சுச் சொல்ல முடியாம இருந்தாப் போதாதா? எங்க அண்ணன் எனக்குப் போட்ட கல்யாண வளையலே கவரிங்கா தங்கமான்னு இன்னிக்கு வரைக்கும் நான் உரசிப் பாக்கல. போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

மோப்பக்கா வளையலின் பக்கம் மூக்கைக் கொண்டுபோனாள். நாத்தனார் கையை வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“மோந்து கீந்து பாத்தீங்க, அப்புறம் நடக்கறதே வேற.”

அந்த உறை வீட்டில் இருந்தாலும் ஒன்றுதான், கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் ஒன்றுதான். முறை வந்தால் பஞ்சு பூக்கும். மறுநாள் அவள் அதைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தாள். ஆனால் நாத்தனார் சொன்னது தலைக்குள் வேலை செய்தது. கேள்விக்குப் பதில் வேண்டியதில்லை, கேள்வியை நடுவிலேயே நிறுத்தினால் போதும். நிறுத்துவது எப்படி?

அவளுக்குத் தெரிந்தது ஒரே வித்தை. எதற்கும் பெயர் வைப்பது.

பஞ்சை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தாள். இழைகள் இழைகளாக இருந்தன. வித்துகள் இரண்டிரண்டாக ஒட்டிப் பிறந்து, ஒன்றின் முகம் ஒன்றைப் பார்த்தபடி இருந்தன. எந்தப் பேரினத்திலும் அது அடங்கவில்லை. கண்ணாடித் தகட்டில் சும்மா கிடக்க வேண்டிய வித்துகள், அவள் குனிந்து பார்க்கும்போதெல்லாம் மெல்ல ஒரே பக்கமாக, அவள் கண் இருக்கிற பக்கமாகத் திரும்பியிருக்கிற மாதிரி தோன்றிற்று. தகட்டைச் சுழற்றி வைத்துவிட்டுப் பார்த்தாள். மறுபடி திரும்பியிருந்தன. விளக்கின் சூடு என்று சொல்லிக்கொண்டு, நிற்காமல் எழுதினாள். நிறம்: எலிச் சாம்பல். அமைப்பு: பஞ்சு போன்றது. மணம் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினாள். அது உண்மை இல்லை என்று தெரிந்தது. 'மோந்து பார்க்கும்' என்று எழுத அச்சில் இடம் இல்லை.

அதில் ஒரு துணுக்கைக் காயவைத்துச் சிவப்பு உறையில் போட்டாள். பெயர் வெளியாகிற கணத்தில் அந்த உறை மூலம் ஆகிவிடும். மூலங்களைத் தின்கிற பூசணத்துக்குத் தானே ஒரு மூலமாகிற நாள் வரும்.

ஆனால் பெயர் எங்கே விழுகிறது என்பது முக்கியம். நேற்று தின்னப்பட்ட பேரினத்துக்கும் அவளுடைய பேரினத்துக்கும் நடுவே வரிசையில் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. அந்த இடைவெளிக்குள் நுழைகிற மாதிரி ஒரு பெயர் கட்டினாள். பிள்ளைக்கு நட்சத்திரம் பார்த்துப் பெயர் வைப்பவர்கள் உண்டு. பீரோவில் இடம் பார்த்துப் பெயர் வைத்தது உலகத்தில் இவள் ஒருத்திதான்.

வெளியிட இயக்குநரின் கையெழுத்து வேண்டும். அவர் கட்டுரையின் தலைப்பைப் பார்த்தார்.

“என்ன மேடம் பேரு இது? தும்மின மாதிரி இருக்கு.”

“லத்தீன் சார்.”

“லத்தீன்ல என்ன அர்த்தம்?”

“பேருக்கு அர்த்தம் இருக்கணும்னு விதி இல்ல சார். உங்க பேரை வச்சுடலாமான்னுகூட முதல்ல யோசிச்சேன்.”

இயக்குநர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். “வேண்டாம் வேண்டாம். இதே நல்லாயிருக்கு.” பிறகு கட்டுரையை மேசை ஓரத்தில் தள்ளி வைத்தார். “ஆனா இப்ப என்ன அவசரம்? அடுத்தது உங்களோடது. அதுக்கடுத்தது என்னோட பேரினம். அதுவரைக்கும் போகட்டும், அப்புறம் பாப்போம்.”

அந்தப் பேரினம்தான் அவர் பதவிக்கு வந்த ஏணி. அது அவள் உறைக்கு வலப்பக்கம் இருந்தது.

“உங்களோடதையும் தின்னுடுமே சார்?”

“தின்னட்டும் மேடம்!” அவர் மேசையைத் தட்டினார். “நல்லாத் தின்னட்டும்! ஒரு துணுக்கு விடாமத் தின்னட்டும்! தாழ்வாரத்துல இருமறானுங்களே, அவனுங்க வாயை அப்பத்தான் மூட முடியும். ரெண்டு நாள் பொறுங்க.”

ரெண்டு நாள் என்றால் அதில் முதல் நாள் அவளுடையது. கணவரின் நகம் பட்ட ஓரம் கண்ணுக்குள் வந்தது. மோப்பக்கா நாற்காலியை இழுத்து, கேட்காமலேயே உட்கார்ந்தாள்.

“தின்னா சந்தோஷம் சார். தாண்டிப் போயிடுச்சுன்னா?”

இயக்குநர் தட்டிய கையை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

“இதுவரைக்கும் உங்க சிற்றினங்களத்தான் விட்டிருக்கு. பேரினத்தையும் விட்டுட்டுப் போனா, அப்புறம் இருமறவங்க இரும மாட்டாங்க சார். சத்தமாச் சிரிப்பாங்க.”

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

“அதுக்கு முன்னாடியே நின்னுபோச்சுன்னா...”

“யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது சார். பூசணம் இருந்திருந்தா தின்னிருக்கும்னு நீங்க சொல்லிக்கலாம்.”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக, அதிகாரி மாதிரி இல்லாமல் பார்த்தார்.

“நீங்களும் பயப்படறீங்களா மேடம்?”

“ஆமா சார்.”

“தின்னுடும்னா, தின்னாதுன்னா?”

“ரெண்டுக்கும்தான்.”

பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். சாயங்காலத்துக்குள் கட்டுரை வெளியாகி, பெயர் பதிவாகிவிட்டது. பொட்டலத்தார் புதுச் சிவப்பு உறையை அதன் இடத்தில் சொருகினார். இடப்பக்கம் நேற்றைய பஞ்சு, வலப்பக்கம் மோப்பக்காவின் உறை, அதற்கு வலப்பக்கம் இயக்குநரின் உறை.

மறுநாள் காலை மூன்று பேரும் ஒன்றாக மேலே போனார்கள். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் முனகல் இல்லை. பொட்டலத்தார் பஞ்சு கிடந்த பழைய உறைகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். எல்லாம் சுத்தமாகக் காலி. பஞ்சும் இல்லை, கறையும் இல்லை. கடல் தாண்டிய நிலையத்திலிருந்து, உங்கள் உறையில் இப்போது எதுவுமே இல்லை, மன்னிக்கவும் என்று தகவல் வந்திருந்தது. பூசணத்தின் சொந்தச் சிவப்பு உறையைப் பிரித்தார்கள். அதுவும் காலி. அது தன் முறைக்கு வந்து, தன்னைத்தானே ஒழுங்காகத் தின்றுவிட்டுப் போயிருந்தது. உலகத்தில் பெயர் உண்டு, மூலம் இல்லை, அப்படி ஒரு பேரினம்.

மோப்பக்கா தன் உறையை எடுத்தாள். மடிப்பைப் பிரித்தாள். சாம்பல் காது அப்படியே இருந்தது, பற்கள் அப்படியே, நகம் பட்ட ஓரம் அப்படியே. மூச்சு விட்டாள். விட்ட மூச்சு பாதியில் நின்றது. தின்ன நேரமில்லாமல் விட்டதா, நேரம் இருந்தாலும் தாண்டித்தான் போயிருக்குமா?

இயக்குநர் தன் உறையைப் பிரித்து மூடினார். தோளிலிருந்து பெரிய மூட்டையை இறக்கிவைத்தவர் போல் இருந்தார்.

“நம்ம ரெண்டு பேரோடதும் பத்திரம் மேடம். இனிமே நாம ஒரே கட்சி. யாராவது உங்க பேரினத்தைச் சந்தேகப்பட்டா என்கிட்ட சொல்லுங்க, நான் எழுதறேன். என்னோடதைச் சந்தேகப்பட்டா...”

“நான் எழுதறேன் சார்” என்றாள் மோப்பக்கா.

இயக்குநர் சீட்டியடிக்காத குறையாகப் படியிறங்கிப் போனார். பொட்டலத்தார் பூசணத்தின் காலி உறையைக் கையில் வைத்தபடி நின்றிருந்தார். ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். மறுபடி மாற்றினார்.

“அக்கா, உள்ள ஒண்ணும் இல்லல்ல?”

“நீங்களும்தானே பாத்தீங்க.”

“பாத்தேன். ஆனா கனக்குது.”

மோப்பக்கா அதை வாங்கவில்லை. மோந்து பார்க்கவும் இல்லை. மூக்கை லேசாக அந்தப் பக்கம் திருப்பப் போனவள், நிறுத்திக்கொண்டாள்.

“வரிசையில வச்சுடுங்க.”

“உங்களோடதுக்குப் பக்கத்துலயா?”

“அதான் அதோட இடம்.” கொஞ்சம் யோசித்தாள். “ஒட்டி வைக்காதீங்க. நடுவுல ஒரு விரக்கடை விட்டு வைங்க.”